பூட்டின் அமைப்பு வெளியே தெரிந்தால் பாதுகாப்புக் குறையுமா? – கணினி, மென்பொருள், முதலீடு, சமூகம் குறித்த சில வினாக்கள்

கணினிப் பாதுகாப்பு, மென்பொருள், முதலீடு, சமூகம் ஆகிய நான்கும் வெவ்வேறு துறைகள். ஆயினும் இந்நான்கிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத ஒன்றை எதை வைத்து நம்புவது? கைப்பேசியில் இருக்கும் செயலியின் உள்ளமைப்பு பயன்படுத்துபவருக்குத் தெரியாது. பங்கு வாங்கிய நிறுவனத்தின் வங்கிக் கணக்கைப் பங்குதாரர் பார்ப்பதில்லை. அலுவலகக் கணினி காட்டும் தொகை எப்படி வந்தது என்பது அதில் வேலை செய்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். இருந்தும் இவற்றை நம்பித்தான் அன்றாட வாழ்க்கை நடக்கிறது. அந்த நம்பிக்கை எப்போது சரியானது, எப்போது ஆபத்தானது என்பதை வினா விடையாக இக்கட்டுரை விளக்குகிறது.

பூட்டின் அமைப்பை வெளியே சொல்லலாமா?

இந்த வினா கணினிக்கு முந்தியது. 1851ஆம் ஆண்டு இலண்டனில் மாபெரும் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கு வந்திருந்த ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர், திறக்கவே முடியாதது எனப் பெயர் பெற்றிருந்த சப் நிறுவனத்தின் பூட்டைச் சில கருவிகளைக் கொண்டு அரைமணி நேரத்துக்குள் திறந்து காட்டினார். அடுத்து பிராமா நிறுவனத்தின் பூட்டை எடுத்துக்கொண்டார். அதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்பு அறுபது ஆண்டுகளாகக் கடையின் முகப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. பல நாள்களில் ஏறத்தாழ ஐம்பது மணி நேரம் உழைத்து அதையும் அவர் திறந்துவிட்டார்.

இதைத் தொடர்ந்து ஒரு விவாதம் கிளம்பியது. பூட்டின் குறைகளை இப்படி ஊரறியச் சொல்வது திருடர்களுக்குப் பாடம் நடத்துவது ஆகாதா என்று சிலர் கேட்டனர். திருடர்களுக்கு இது முன்பே தெரியும், தெரியாமல் இருப்பவர் வீட்டுக்காரர்தான் என்று மறுதரப்பினர் பதில் கூறினர். காலப்போக்கில் இரண்டாவது கருத்தே வலுப்பெற்றது.

இக்கருத்தை இரகசிய எழுத்துக்குப் பொருத்தி விதியாக வகுத்தவர் ஆகஸ்ட் கெர்க்காப்ஸ் என்ற மொழி ஆசிரியர். நெதர்லாந்தில் பிறந்து பிரான்சில் பணியாற்றிய இவர், 1883இல் இராணுவ இரகசிய எழுத்துமுறை பற்றிக் கட்டுரைகள் எழுதினார். ஒரு குறியாக்க முறை முழுவதும் எதிரியின் கையில் கிடைத்துவிட்டாலும் அது பாதுகாப்பாக இருக்க வேண்டும், இரகசியமாக வைக்க வேண்டியது சாவியை மட்டுமே என்பது அவர் கூறியதன் சாரம். சாவி தொலைந்தால் புதுச்சாவி செய்துகொள்ளலாம். பூட்டின் அமைப்பையே இரகசியம் என்று நம்பியிருந்தால், அது ஒருமுறை வெளியானதும் எல்லா வீட்டுப் பூட்டுகளும் வீணாகிவிடும்.

எல்லாருக்கும் தெரிந்த முறையில் இரகசியம் காக்க முடியுமா?

முடியும். ஏஇஎஸ் எனப்படும் குறியாக்க முறை இதற்குச் சான்று. வைஃபை இணைப்பு, வாட்ஸ்அப் செய்தி, வங்கியின் இணையதளம் எனப் பல இடங்களில் தகவலைக் காப்பது இந்த முறைதான்.

1997இல் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனம், புதிய குறியாக்க முறைக்காக உலகளாவிய போட்டி ஒன்றை அறிவித்தது. அதில் 15 முறைகள் ஏற்கப்பட்டன. ஒவ்வொன்றின் அமைப்பும் முழுமையாக வெளியிடப்பட்டது. உலகின் பல நாட்டு வல்லுநர்கள் அவற்றை உடைக்க முயன்றனர். போட்டியாளர்களே ஒருவர் முறையில் மற்றவர் குறை தேடினர். இறுதிச் சுற்றுக்கு ஐந்து முறைகள் வந்தன. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோன் டாமன், வின்சென்ட் ரெய்மன் ஆகிய இருவரின் முறை 2000இல் தேர்வு பெற்று, 2001இல் தரமாக அறிவிக்கப்பட்டது. அதன் செய்முறையை இன்றும் எவரும் படிக்கலாம். படித்தாலும் சாவி இல்லாமல் செய்தியைத் திறக்க முடிவதில்லை.

பலர் முயன்றும் உடையாதது என்பதே இங்கு நம்பிக்கைக்குக் காரணம். 'எங்கள் முறை மிக இரகசியமானது, அதனால் பாதுகாப்பானது' என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தால், அதை வேறு யாரும் சோதித்ததில்லை என்றும் பொருள் கொள்ளலாம்.

திறந்த மூல மென்பொருள் என்றால் பாதுகாப்பானது என்று பொருளா?

மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் அனுமதிப்பது திறந்த மூல மென்பொருள் ஆகும். பார்க்கும் கண்கள் பலவானால் எந்த வழுவும் தப்பாது என்ற கருத்து இத்துறையில் 'லினசின் விதி' என்று வழங்குகிறது. இதில் உண்மை உண்டு. ஆனால் பலர் பார்க்க முடியும் என்பது வேறு, பலர் பார்த்தார்கள் என்பது வேறு.

இந்த வேறுபாட்டை உலகுக்கு உணர்த்தியது 'ஹார்ட்பிளீட்' என்ற வழு. இணையதளங்களுக்கும் உலாவிகளுக்கும் இடையே பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூல மென்பொருளில், 2012இல் வெளியான பதிப்பில் இது நுழைந்தது. 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. மூலநிரல் இரண்டு ஆண்டுகள் எல்லார் கண்முன்னும் இருந்தும் வழு தப்பிவிட்டது.

வழுவின் தன்மை எளிமையானது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய, ஒரு கணினி மற்றொன்றுக்குச் சிறு செய்தியையும் அதன் நீளத்தையும் அனுப்பும். மற்றது அச்செய்தியை அப்படியே திருப்பி அனுப்பும். சொல்லப்பட்ட நீளம் உண்மைதானா என்று சரிபார்க்கும் வரி நிரலில் இல்லை. அலுவலக உதவியாளர் ஒருவரிடம் மூன்று தாள்களைக் கொடுத்துவிட்டு, 'நான் கொடுத்த முந்நூறு தாள்களைத் திருப்பிக் கொடு' என்று கேட்பதாக வைத்துக்கொள்ளலாம். அவர் எண்ணிப் பார்க்காமல் மேசையில் கிடந்த பிறருடைய தாள்களையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். அதுபோலவே, ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை அருகிலிருந்த நினைவகத் தகவல் வெளியேறியது. அதில் கடவுச்சொற்களும் சாவிகளும் இருக்க வாய்ப்பு இருந்தது.

உலகின் இணையதளங்களில் பெரும்பகுதி நம்பியிருந்த அந்த மென்பொருளை அப்போது பராமரித்தவர்கள் ஒரு சிலரே. அதற்கு வந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான் என்ற செய்தி பிறகு வெளியானது. பெரிய நிறுவனங்கள் அதை இலவசமாகப் பயன்படுத்தின. யாராவது பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தனர். ஊர்ப் பொதுக்கிணற்றில் எல்லாரும் தண்ணீர் எடுத்து, தூர்வார ஒருவரும் வராத நிலை அது. இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே பெரிய நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து இத்தகைய அடிப்படை மென்பொருள்களுக்கு நிதி வழங்கத் தொடங்கின.

பராமரிப்பவரே ஏமாற்றினால் என்ன ஆகும்?

ஹார்ட்பிளீட் கவனக்குறைவால் நேர்ந்தது. 2024இல் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரம் திட்டமிட்டுச் செய்யப்பட்டது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள். லினக்ஸ் இயங்குதளத்தின் பல வகைகளில் இது இடம்பெற்றுள்ளது. இதை ஒருவர் பல ஆண்டுகளாகத் தம் சொந்த நேரத்தில் பராமரித்து வந்தார். 2021 முதல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவ முன்வந்தார். அவர் அனுப்பிய திருத்தங்கள் நல்லவையாகவே இருந்தன. வேலை தாமதமாகிறது, பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று வேறு சில பெயர்களிலிருந்து பராமரிப்பாளருக்கு நெருக்கடி வந்தது. களைத்திருந்த அவர், காலப்போக்கில் புதியவருக்கும் அதிகாரம் அளித்தார்.

2024 தொடக்கத்தில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு ஒளிந்திருந்தது. தொலைவிலிருந்து லினக்ஸ் கணினிக்குள் நுழைய உதவும் சேவையைத் தாக்குபவர் கையில் ஒப்படைக்கும் அமைப்பு அது. எவரும் படிக்கும் மூலநிரலில் அது நேராக எழுதப்படவில்லை. சோதனைக்கானவை என்று வைக்கப்பட்டிருந்த கோப்புகளுக்குள் மறைக்கப்பட்டிருந்தது. அதை உயிர்ப்பிக்கும் வரிகள், பொதுக் களஞ்சியத்தில் இல்லாமல், விநியோகத்துக்கான தொகுப்பில் மட்டும் இருந்தன. அதாவது, படிக்கக் கொடுத்தது ஒன்று, நிறுவக் கொடுத்தது மற்றொன்று.

இதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர். கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக ஆவதை அவர் கவனித்தார். வேறொருவராயின் விட்டிருப்பார். அவர் காரணத்தைத் தேடிச் சென்று, 2024 மார்ச் 29 அன்று பின்கதவைப் பகிரங்கப்படுத்தினார். பெரும்பாலான கணினிகளில் இயங்கும் நிலையான பதிப்புகளை அது எட்டுவதற்கு முன்பே தடுக்கப்பட்டது. மூலநிரல் திறந்திருந்ததால்தான் அவரால் அடிவரை தோண்டிப் பார்க்க முடிந்தது. ஆனால் சந்தேகப்பட்டுத் தோண்ட ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

இத்தகைய ஆபத்தை 1984இலேயே கென் தாம்சன் விளக்கியிருந்தார். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான அவர், டூரிங் விருது ஏற்புரையில் ஒரு சோதனையை விவரித்தார். நிரலைக் கணினி புரிந்துகொள்ளும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரிலேயே தீய வேலையை ஒளித்துவிட்டால், மூலநிரலை எத்தனை முறை படித்தாலும் அது தென்படாது என்று காட்டினார். ஆகவே பொருளைப் பார்த்தால் போதாது, அது கைக்கு வந்து சேர்ந்த வழியையும் பார்க்க வேண்டும்.

உலாவியில் தெரியும் பூட்டுப் படம் எதற்கு உறுதி அளிக்கிறது?

இணைய முகவரிக்கு அருகே தெரியும் சிறு பூட்டுப் படத்தைக் கண்டதும் 'இது நல்ல இணையதளம்' என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது சொல்வது ஒன்றுதான்: இந்த உலாவிக்கும் அந்த இணையதளத்துக்கும் இடையே செல்லும் தகவலை வழியில் பிறர் படிக்க முடியாது. அந்த இணையதளத்தை நடத்துபவர் யோக்கியரா என்பதற்கு அது சான்று ஆகாது. மோசடிக்காரரும் அத்தகைய சான்றிதழை எளிதில் பெறலாம். மூடி ஒட்டப்பட்ட உறையை நடுவில் யாரும் பிரிக்கவில்லை என்பதால், உள்ளே இருக்கும் கடிதம் உண்மை என்று ஆகிவிடாது. இந்தத் தவறான எண்ணம் பரவலாக இருந்ததால், கூகுள் குரோம் உலாவி 2023இல் பூட்டுப் படத்தையே நீக்கி, நடுநிலையான வேறு குறியீட்டை வைத்தது.

தணிக்கை செய்த கணக்கு என்றால் நம்பலாம் அல்லவா?

மென்பொருளுக்கு மூலநிரல் எப்படியோ, நிறுவனத்துக்கு அதன் கணக்கு அப்படி. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் தணிக்கை செய்யப்பட்ட கணக்கை வெளியிட வேண்டும். முதலீட்டாளர் அதை நம்பியே பணம் போடுகிறார்.

ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ், இந்தியாவின் பெரிய மென்பொருள் நிறுவனங்களுள் ஒன்றாக இருந்தது. 50,000 பேருக்கு மேல் அதில் பணிபுரிந்தனர். சிறந்த நிறுவன நிர்வாகத்துக்கான விருதையும் அது 2008இல் பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில், நிறுவனரின் குடும்பத்தோடு தொடர்புடைய இரண்டு நிறுவனங்களை வாங்கப்போவதாக சத்யம் அறிவித்தது. முதலீட்டாளர்கள் கடுமையாக எதிர்த்துக் கேள்வி எழுப்பியதால் சில மணி நேரத்திலேயே அம்முடிவு கைவிடப்பட்டது. அத்துடன் சந்தேகமும் வலுத்தது. 2009 சனவரி 7 அன்று தலைவர் இராமலிங்க ராஜு, கணக்குகள் பல ஆண்டுகளாகப் பொய்யாக எழுதப்பட்டவை என்று கடிதம் மூலம் ஒப்புக்கொண்டார். கையிருப்பாகவும் வங்கி இருப்பாகவும் காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அக்கடிதம் தெரிவித்தது. அன்று ஒரே நாளில் பங்கின் விலை நான்கில் மூன்று பங்குக்கு மேல் வீழ்ந்தது.

வங்கியில் பணம் இருக்கிறதா என்று அறிவது கடினமான வேலையா? வங்கியைக் கேட்டால் தெரிந்துவிடும். அங்கேதான் கோளாறு நேர்ந்தது. இருப்பை உறுதி செய்யக் கோரும் கடிதங்களைத் தணிக்கையாளரே நேராக வங்கிக்கு அனுப்பி, பதிலையும் நேராகப் பெற வேண்டும் என்பது தணிக்கையின் அடிப்படைப் பாடம். அப்பொறுப்பு நிறுவனத்தின் கையிலேயே விடப்பட்டிருந்ததை 2011இல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் தம் ஆணைகளில் சுட்டிக்காட்டின. மாணவனின் விடைத்தாளை அவனிடமே கொடுத்துத் திருத்தி வரச் சொன்னால் மதிப்பெண் எப்படி இருக்கும்?

இதிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது: சரிபார்க்கும் வழி, சரிபார்க்கப்படுபவர் கையில் இருக்கக் கூடாது. இவ்விதியை மனத்தில் கொண்டால் மற்ற வினாக்களுக்கும் விடை எளிதாகும்.

உள்ளே பார்க்காமலே மோசடியைக் கண்டறிய முடியுமா?

சில நேரங்களில் எளிய கணக்கே போதும். 1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி என்பவர், 45 நாள்களில் 50 விழுக்காடு இலாபம் தருவதாகக் கூறிப் பணம் திரட்டினார். வெளிநாடுகளில் மலிவாகக் கிடைக்கும் அஞ்சல் பதில் கூப்பன்களை வாங்கி அமெரிக்காவில் மாற்றுவதே தம் தொழில் என்றார். நிதித்துறை இதழாளர் கிளாரன்ஸ் பேரன் ஒரு கணக்குப் போட்டார். பொன்சி திரட்டிய பணத்துக்கு ஏறத்தாழ 16 கோடி கூப்பன்கள் புழக்கத்தில் இருக்க வேண்டும். புழக்கத்தில் இருந்தவையோ சுமார் 27,000. புதியவர்களிடம் வாங்கிப் பழையவர்களுக்குக் கொடுத்ததே உண்மையில் நடந்த தொழில். இன்றும் அவ்வகை மோசடிகள் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

அதே அமெரிக்காவில் பெர்னார்ட் மேடாஃப் என்பவர், சந்தை ஏறினாலும் இறங்கினாலும் சீராக இலாபம் காட்டி வந்தார். பாஸ்டனைச் சேர்ந்த ஹாரி மார்கபோலஸ் என்ற நிதி ஆய்வாளர், அத்தகைய இலாபம் கணிதப்படி சாத்தியமில்லை என்று 2000 முதல் பலமுறை அந்நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதினார். போதிய நடவடிக்கை இல்லை. 2008 டிசம்பரில் மேடாஃப் கைதானபோது, முதலீட்டாளர்களுக்குக் காட்டப்பட்டிருந்த கற்பனைத் தொகை ஏறத்தாழ 6,500 கோடி டாலர். பலருக்கு ஓய்வுக்காலச் சேமிப்பே போய்விட்டது. இந்நிகழ்ச்சி கூறும் பாடம் வேறு. சரிபார்ப்பவர் இருந்தார், சரியாகவும் சொன்னார். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

பிட்காயினின் நிரல் திறந்தது என்றால் பணம் எப்படிக் காணாமல் போகிறது?

பிட்காயினின் மூலநிரலும் பரிமாற்றப் பேரேடும் எவரும் பார்க்கக்கூடியவை. எனினும் பலர் தம் நாணயங்களைத் தாமே வைத்துக்கொள்வதில்லை. பரிமாற்றகம் எனப்படும் நிறுவனத்திடம் ஒப்படைக்கின்றனர். அந்த நிறுவனத்தின் உள் கணக்கு பிட்காயின் பேரேட்டைப் போலத் திறந்தது அன்று. டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் என்ற பரிமாற்றகம் 2014 பிப்ரவரியில் திவாலானபோது, சுமார் 8,50,000 பிட்காயின்கள் காணவில்லை என்று அறிவித்தது. அவற்றுள் 2,00,000 பிறகு கண்டெடுக்கப்பட்டன. கண்ணாடிச் சுவர் கொண்ட கட்டடத்தின் வாசலில் நிற்கும் முகவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, கட்டடம் கண்ணாடியால் ஆனதுதானே என்று நிம்மதி அடைவது போன்றது இது. நிரலின் நேர்மை, அதை வைத்துத் தொழில் செய்பவரின் நேர்மைக்கு உத்தரவாதம் ஆகாது.

கணினி காட்டும் கணக்குத் தவறாக இருக்குமா?

இருக்கும். அதை ஏற்க மறுத்தால் என்ன நேரும் என்பதற்கு பிரிட்டன் அஞ்சலகங்களில் நடந்தது வேதனையான எடுத்துக்காட்டு. அங்கே 1999 முதல் ஹொரைசன் என்ற கணினி முறை கிளை அஞ்சலகங்களில் நிறுவப்பட்டது. ஃபுஜித்சு நிறுவனம் அதை வழங்கியது. கிளைகளை நடத்தியவர்களில் பலர் ஒப்பந்த அடிப்படையில் பணிபுரிந்தவர்கள். கணக்கில் துண்டு விழுந்தால் அவர்களே ஈடுகட்ட வேண்டும். புதிய முறை வந்தபின், கணினி காட்டும் தொகைக்கும் பெட்டியில் இருக்கும் தொகைக்கும் பொருத்தமில்லாமல் போவதாகப் பலர் புகார் செய்தனர். 'உங்களுக்கு மட்டும்தான் இப்படி' என்றே பலருக்குப் பதில் வந்தது.

ஈடுகட்டுவதற்காகச் சிலர் சேமிப்பை இழந்தனர், சிலர் வீட்டை இழந்தனர். 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். கருவுற்றிருந்த நிலையில் சிறை சென்ற பெண்ணும் அவர்களுள் ஒருவர். சிலர் உயிரையும் மாய்த்துக்கொண்டனர். இவ்வழக்குகளில் பெரும்பாலானவற்றைத் தொடுத்தது அஞ்சலக நிறுவனமே. புகாருக்கு உள்ளான கணினியும் அதனுடையது, சான்றாக வைத்த கணக்கும் அதனுடையது, குற்றம் சாட்டியதும் அதுவே. முன்பு இங்கிலாந்துச் சட்டத்தில், கணினி சரியாக இயங்கியது என்று காட்டிய பிறகே அதன் பதிவைக் குற்ற வழக்கில் சான்றாக வைக்க முடியும். 1999ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விதியை நீக்கிவிட்டது. அதன்பின் கணினி தவறு என்று மெய்ப்பிக்கும் சுமை எளிய மனிதர்கள் தலையில் விழுந்தது. அதற்குத் தேவையான பதிவுகளோ அவர்கள் கையில் இல்லை.

2009இல் ஒரு கணினி இதழ் ஏழு பேரின் அனுபவங்களை வெளியிட்டது. தமக்கு மட்டுமே இப்படி என்று நினைத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர். ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் கிளை அஞ்சலகர் முன்னின்று நடத்த, 555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். ஹொரைசனில் வழுக்கள் இருந்தன, அவற்றால் கிளைக் கணக்குகள் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்று 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் 39 பேரின் தண்டனைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. 2024இல் தனிச்சட்டம் இயற்றி, எஞ்சிய நூற்றுக்கணக்கானோரின் தண்டனைகள் ஒட்டுமொத்தமாக நீக்கப்பட்டன. முதல் புகாருக்கும் இதற்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

சாதாரண மனிதர் எதைச் சரிபார்க்க முடியும்?

மூலநிரலைப் படிக்கவோ, நிறுவனக் கணக்கைத் தணிக்கை செய்யவோ எல்லாராலும் முடியாது. ஆனால் மேலே கண்ட பொது விதியை அன்றாட வாழ்வில் எவரும் கடைப்பிடிக்கலாம்.

வங்கியிலிருந்து அல்லது காவல்துறையிலிருந்து பேசுவதாகச் சொல்லி அழைப்பு வந்தால், அழைத்தவர் தரும் எண்ணைக் கொண்டு அவரைச் சரிபார்ப்பதில் பயனில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கிக் கணக்குப் புத்தகத்திலோ ஏடிஎம் அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்டுள்ள எண்ணைத் தாமே அழைத்துக் கேட்க வேண்டும். 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. காணொளி அழைப்பில் சீருடை தெரிவது, சத்யம் தானே கொண்டுவந்த வங்கி இருப்புச் சான்று போன்றதே.

யுபிஐ முறையில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை. பணம் வரவேண்டுமானால் பின் எண்ணை அழுத்துங்கள் என்று ஒருவர் சொன்னால், பணம் போகப்போகிறது என்று பொருள்.

முதலீட்டு ஆலோசகர் என்று சொல்பவர், தம் பதிவுச் சான்றிதழின் படத்தை அனுப்பினால் அதோடு நிறுத்தக் கூடாது. செபியின் இணையதளத்துக்குத் தாமாகச் சென்று அந்தப் பதிவு எண் உண்மையா என்று தேட வேண்டும். சீட்டு நிறுவனமானால் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றுள்ளதா என்று பதிவுத்துறையில் விசாரிக்கலாம். வங்கி வைப்புத்தொகைக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இது 2020 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. பங்குகளுக்கும் பரஸ்பர நிதிகளுக்கும் இந்தக் காப்பீடு பொருந்தாது. வங்கி வைப்பைப் போலவே பாதுகாப்பானது என்று ஒரு திட்டத்தை யாராவது விற்றால், இந்தக் காப்பீடு அதற்கு உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். விரைவாகச் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

தொகுப்பு

மேலே கண்ட நிகழ்ச்சிகளிலிருந்து நான்கு வினாக்களைத் தொகுக்கலாம். புதிய செயலியோ, முதலீட்டுத் திட்டமோ, அரசின் கணினி முறையோ எது வந்தாலும் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. பிறர் பார்க்கும்படி திறந்திருக்கிறதா? ஏஇஎஸ் வென்றது இதனால்.

2. உண்மையில் யாராவது பார்த்தார்களா? ஹார்ட்பிளீட் தப்பியது இது இல்லாததால்.

3. பார்ப்பவர் கையாண்ட வழி, பார்க்கப்படுபவரின் பிடிக்கு வெளியே இருந்ததா? சத்யம், எக்ஸ்இசட், ஹொரைசன் ஆகிய மூன்றும் இங்கேதான் தவறின.

4. குறை சொன்னவரின் சொல்லைக் கேட்க ஆள் இருந்ததா? மேடாஃப் விவகாரத்திலும் அஞ்சலக விவகாரத்திலும் பல்லாயிரம் பேர் பாதிக்கப்பட்டது, இதற்கு 'இல்லை' என்பதே விடையாக இருந்ததால்.

முதல் மூன்று வினாக்களுக்கு வல்லுநர்களும் சட்டங்களும் வழி செய்யலாம். நான்காவது, பள்ளி, அலுவலகம், சங்கம் என மனிதர் கூடும் ஒவ்வோர் இடத்துக்கும் உரியது. அரை விநாடித் தாமதத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்ட ஒருவர் சொன்னதை உலகம் அன்றே கேட்டது, ஆபத்து நீங்கியது. கணக்கு பொருந்தவில்லை என்று சொன்ன கிளை அஞ்சலகர்களை யாரும் கேட்கவில்லை, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சீர்குலைந்தன.